நோய் தேறிய முயல் கீரை தின்கிறது, உலர்புல்லைத் தொடவில்லை: எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி சுருக்கமாக இதுதான். வீட்டில் வளரும் நான்கு வயதுப் பெண் முயல், எடை இரண்டு கிலோ, கருத்தடை செய்யப்படாதது. குடல் இயக்கம் நின்றுபோய், மருத்துவம் பார்த்து, மருந்து முடிந்து பத்து நாளாகிறது. கொத்தமல்லித் தழையைப் பார்த்தால் ஓடி வருகிறது. பெல்லெட் (அரைத்து அழுத்திச் செய்த உலர்தீனி) கிண்ணத்தையும் காலி செய்துவிடுகிறது. உலர்புல்லை மட்டும் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. புழுக்கை முன்பைவிடச் சிறிதாக இருக்கிறது. பழைய பசி திரும்ப இன்னும் எத்தனை நாள் ஆகும்?

நாள் கணக்கைச் சொல்லும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முயல் எவ்வளவு தின்கிறது என்பதைவிட, எதைத் தின்கிறது, எதை ஒதுக்குகிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது. கீரையும் பெல்லெட்டும் இறங்குகின்றன, உலர்புல் இறங்கவில்லை என்றால் பசி இருக்கிறது என்றுதான் பொருள். பசி இருந்தும் ஒரு பொருளை மட்டும் ஒதுக்குகிறது என்றால் ஒன்று மெல்லும்போது வலிக்கிறது, இல்லையென்றால் எளிதான தீனிக்குப் பழகிவிட்டது. இந்த இரண்டில் எது என்று பிரித்தறிவதுதான் இப்போதைய வேலை. காத்திருப்பதால் இரண்டுமே சரியாகப் போவதில்லை.

பொதுவாகத் தேறும் வரிசை இப்படி இருக்கும். வலி குறைந்து குடல் அசையத் தொடங்கியதும் முதலில் மணமுள்ள தழைகளை எடுக்கும்; கொத்தமல்லி, புதினா போன்றவை. ஒன்றிரண்டு நாளில் புழுக்கை வரத் தொடங்கும். முதலில் வருவது சிறிதாக, கோணலாக, கருமையாக இருக்கும். சில நேரம் சளி போன்ற படலமோ, முடியில் கோத்த மணிபோல் தொடர்ச்சியோ இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தேங்கி நின்றது வெளியே வருகிறது. பிறகு பெல்லெட், அதன் பின் உலர்புல். ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் புழுக்கை பழைய அளவுக்கும், உருண்டு, வைக்கோல் நிறத்தில், உடைத்தால் நார் தெரியும் நிலைக்கும் வந்துவிட வேண்டும். ஒரு வாரம் தாண்டியும் சிறுத்தே இருந்தால் நார் போதுமான அளவு உள்ளே போகவில்லை.

உலர்புல்லுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? முயலின் குடலைத் தள்ளிக்கொண்டே இருப்பது நீண்ட, செரிக்காத நார்தான். அது குறைந்தால் குடல் மறுபடி மந்தமாகும். நோய் திரும்பும் வழி அது. இன்னொன்று, முயலுக்கு இருக்கும் 28 பற்களும் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்பற்கள் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை வளரும். கடைவாய்ப்பற்கள் தேய வேண்டுமென்றால் தாடை பக்கவாட்டில் அரைக்க வேண்டும், அந்த அசைவு புல்லை மெல்லும்போதுதான் முழுமையாக வரும். பெல்லெட்டை நொறுக்க மேலும் கீழுமாக இரண்டு கடி போதும். ஆகவே உலர்புல்லை விட்ட முயலுக்குப் பல் கூர்மையாகிறது. பல் கூர்மையானதும் உலர்புல் இன்னும் வலிக்கிறது. எங்கே தொடங்கியிருந்தாலும் இந்தச் சுற்று தானாக நிற்காது.

இனி, வலியா பழக்கமா என்று பார்க்கும் வழி.

முதலில் புல்லையே பாருங்கள். கையில் எடுத்து முகர்ந்தால் மணம் வர வேண்டும், பச்சை நிறம் மிச்சமிருக்க வேண்டும். தூசி பறந்தாலோ, புழுங்கிய வாடை அடித்தாலோ நல்ல முயலே தொடாது. முயல் நோயில் கிடந்த நாட்களில் பிரித்து வைத்த மூட்டை காற்றில் கிடந்து மணம் போயிருப்பது உண்டு. புதிய மூட்டை பிரித்து, தண்டு தடித்த வகை ஒரு குவியல், இலை மிகுந்த மென்மையான வகை ஒரு குவியல் என்று இரண்டும் வையுங்கள். கதிரோடு உள்ள ஓட்ஸ் புல் கிடைத்தால் அதுவும் ஒரு குவியல். குதிரைமசால் (அல்ஃபால்ஃபா) வேண்டாம், சுவையாகத் தின்னும், ஆனால் வளர்ந்த முயலுக்கு அதிலுள்ள கால்சியமும் புரதமும் அதிகம். உடல் மிக மெலிந்திருந்தால் மருத்துவர் சொல்லும் சில நாட்களுக்கு மட்டும் கொடுக்கலாம்.

அடுத்து, மருந்து தெளிக்காத பசும்புல்லைக் கையால் பறித்து நீளமாகவே கொடுத்துப் பாருங்கள். இயந்திரத்தில் வெட்டிய புல்துணுக்கு கூடாது, குவிந்து கிடக்கும்போதே புளிக்கத் தொடங்கும். நீளமான பசும்புல்லை ஒரு நுனியில் தொடங்கிச் சீராக உள்ளே இழுத்து, தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி மென்று தீர்த்தால் நல்ல அறிகுறி. பாதியில் கீழே போட்டாலோ, ஒரு பக்கமாகவே மென்றாலோ, தலையைச் சாய்த்து மென்றாலோ, வாயில் எடுத்து மெல்லாமல் நின்றாலோ பல்லைச் சந்தேகிக்க வேண்டும். மோவாயும் கழுத்தடியும் ஈரமாக இருப்பது, முன்னங்கால் உள்பக்க முடி எச்சிலில் ஒட்டிச் சடையாக இருப்பது, ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிவது ஆகியவையும் அதே பக்கம்தான் சுட்டும். மேல்வரிசைப் பற்களின் வேர் கண்ணீர்க் குழாயை ஒட்டி வளர்ந்திருப்பதால் பல் நோய் கண்ணில் தெரியும்.

இது எதுவும் இல்லாமல், நன்றாக மென்று தின்கிற முயல் உலர்புல்லை மட்டும் அலட்சியம் செய்தால் பழக்கம் என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. நோயின்போது சிரிஞ்சில் ஊட்டிய மாவும், "எதையாவது தின்றால் சரி" என்று வீட்டார் கொடுத்த பழத்துண்டுகளும் சேர்ந்து செய்கிற வேலை இது. அப்போது பெல்லெட்டைக் குறைக்கலாம். வளர்ந்த முயலுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராம் பெல்லெட் என்பதே மேல் வரம்பு. உங்கள் முயலுக்கு 50 கிராம். கிண்ணத்தை நிரப்பி வைக்கிறவர்கள் பலர் இதைவிட இருமடங்கு கொடுத்துவிட்டு, புல் தின்னவில்லை என்று கவலைப்படுவார்கள். தராசில் நிறுத்துப் பாருங்கள். இப்போது கொடுப்பதில் பாதியாக்கி, காலை மாலை இரண்டு வேளையாகப் பிரியுங்கள். பழமும் கேரட்டும் முழுவதுமாக நிறுத்தம். கீரையை நிறுத்த வேண்டாம், அது தண்ணீரும் கொண்டுவருகிறது. உலர்புல்லை மலம் கழிக்கும் தட்டின் ஒரு ஓரத்திலும், படுக்கும் இடத்துக்கு அருகிலும் குவித்து வையுங்கள். முயலுக்குக் கழித்துக்கொண்டே மெல்லுவது பிடிக்கும். நறுக்கிய கொத்தமல்லியையோ, நொறுக்கிய ஒரு சிட்டிகை பெல்லெட்டையோ புல்லுக்குள் உதிர்த்துவிட்டால் தேடும் சாக்கில் புல்லும் வாய்க்குப் போகும்.

இரண்டு நாளில் புல் குறைவது கண்ணுக்குத் தெரிந்து, புழுக்கையும் பெரிதானால் பழக்கம்தான், அதே பாதையில் போகலாம். தெரியவில்லை என்றால் பெல்லெட்டை மேலும் குறைத்துப் பட்டினி போட்டுப் "பழக்க" முயலாதீர்கள். நாய்க்கு எடுபடும் பிடிவாதம் முயலிடம் செல்லாது. கொழுத்த முயல் ஓரிரு நாள் தின்னாமல் இருந்தாலே உடல் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகும். இரண்டு நாள் சோதனை தோற்றால் அடுத்தது பல் பரிசோதனை.

அந்தப் பரிசோதனையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. முயலின் வாய் குறுகலானது, கடைவாய்ப்பற்கள் வெகு உள்ளே இருக்கின்றன. விழித்திருக்கும் முயலின் வாயில் கருவியை நுழைத்து வெளிச்சத்தில் பார்த்து "பல் நன்றாக இருக்கிறது" என்று சொல்வது முதல்கட்டப் பார்வை மட்டுமே. கீழ்வரிசையின் கூர்முனை நாக்கைக் கிழிக்கும், மேல்வரிசையின் கூர்முனை கன்னத்தைக் குத்தும். இரண்டையும் முழுதாகப் பார்க்க மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும், வேர்களைப் பார்க்க எக்ஸ்ரே வேண்டும். அறிகுறிகள் தொடர்ந்தால் இதைக் கேட்டு வாங்கிச் செய்துகொள்வதில் தயக்கம் வேண்டாம். மயக்கத்துக்கு முன் முயலைப் பட்டினி போடக் கூடாது, அதற்கு வாந்தி எடுக்க வராது. யாராவது முந்தைய இரவிலிருந்தே தீனி நிறுத்தச் சொன்னால் முயல்களோடு பழக்கமுள்ளவரா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கூர்முனையைத் தேய்த்துவிட்ட பின்னும் சில நாட்கள் வாய் புண்ணாகவே இருக்கும். அப்போது உலர்புல் வேண்டாம் என்றால் ஆச்சரியமில்லை. வலி மருந்தும் சிரிஞ்ச் ஊட்டலும் சேர்ந்தே வீட்டுக்கு வர வேண்டும்.

பல்லைத் தவிர வேறு எங்காவது வலி மிச்சமிருந்தாலும் பசி பாதியில் நிற்கும். முயல்களுக்கு வலி மருந்து பல நேரம் குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கே கொடுக்கப்படுகிறது. மெலாக்சிகாம் என்ற வலி மருந்து முயல் உடலில் வேகமாகக் கரைந்துபோவதால் ஒரு கிலோ எடைக்கு நாய்க்கும் பூனைக்கும் தரும் அளவு பெரும்பாலும் இதற்குப் போதாது. அளவை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும், நீங்களாகக் கூட்டக் கூடாது; நீர்ச்சத்து குறைந்த முயலுக்கோ சிறுநீரகக் கோளாறு உள்ளதற்கோ அதே மருந்து தீங்கு செய்யும். ஆனால் "மருந்து நிறுத்திய மறுநாளே தீனி குறைந்தது" என்ற ஒரு வரித் தகவலை அவரிடம் சொன்னால், எங்கே தேட வேண்டும் என்று அவருக்குப் புரிந்துவிடும். கூன்போட்டு உட்கார்வது, கண்ணைப் பாதி மூடியிருப்பது, வயிற்றைத் தரையில் அழுத்துவது, பல்லைச் சத்தமாக நறநறப்பது ஆகியவை வலியின் அடையாளங்கள். தடவிக்கொடுக்கும்போது மெல்லக் கேட்கும் பல்லுராய்வு வேறு, அது சுகத்தில் வருவது.

வந்த நோய் எது என்பதைப் பொறுத்தும் பசியின் போக்கு மாறும். சளி, தும்மல், மூக்கடைப்பு வந்து தேறிய முயலுக்கு மோப்பம் மங்கியிருக்கும். முயல் மூக்கால் மட்டுமே இயல்பாக மூச்சுவிடும் பிராணி. மூக்கு அடைத்திருக்கும்போது மெல்லவும் மூச்சுவிடவும் ஒன்றாக முடியாது. வெதுவெதுப்பான ஈரத்துணியால் மூக்கைத் துடைத்துவிட்டு, மணம் தூக்கலான தழையை முதலில் கொடுத்தால் எடுக்கும். தலை ஒருபக்கம் சாயும் நோய் வந்திருந்தால் பசி இருந்தும் கிண்ணத்துக்குக் குறி தவறும். தீனியை வாய்க்கு நேராக, தாழ்வான தட்டில் பரப்பி வைக்க வேண்டும். ஆன்டிபயாடிக் கொடுக்கும் நாட்களில் தீனி குறைவது சகஜம், முடிந்த இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடும். ஆனால் வாய்வழி அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்றவை முயலுக்கு ஆகாதவை. குருட்டுக்குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து, நச்சு சுரக்கும் கிருமிகளைப் பெருகவிடும். வீட்டில் இருக்கும் மனித மருந்தைக் கொடுக்கவே கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும். மருந்தின்போது தண்ணீராகக் கழிச்சல் கண்டால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மருந்தைப் பிடித்த தீனியில் கலந்து கொடுத்திருந்தால், அந்தத் தீனியையே முயல் பிறகு வெறுப்பதும் உண்டு. நேற்றுவரை விரும்பியதை இன்று மூக்கால் தள்ளிவிட்டுப் போகும். நோய் எதுவும் இல்லை, கசப்பு நினைவிருக்கிறது. ஒரு மாதம் அதை விலக்கிவிட்டு வேறு தழைக்கு மாறுங்கள்.

காயத்தை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டியிருந்தால் இன்னொரு இழப்பு. முயல் இரவிலும் அதிகாலையிலும் கழிக்கும் மென்மையான, பளபளப்பான, கொத்தாக ஒட்டிய புழுக்கையைத் தன் ஆசனவாயிலிருந்தே நேராக எடுத்து விழுங்கும். பி வைட்டமின்களும் புரதமும் அதன்மூலம் உடலுக்குத் திரும்புகின்றன. கூம்பு இருந்தால் குனிந்து எடுக்க முடியாது. அப்படிக் கீழே கிடப்பதைச் சுத்தமாக இருந்தால் எடுத்து வாயருகே நீட்டலாம், பல முயல்கள் வாங்கிக்கொள்ளும். கூம்பு இல்லாமலே அது தரையில் கிடந்தாலோ, பின்புறத்தில் அப்பியிருந்தாலோ மாவுச்சத்து அதிகம், நார் குறைவு என்பது பெரும்பாலும் காரணம். மூட்டுவலியாலும் உடல் பருமனாலும் குனிய முடியாததும் உண்டு.

தானாகத் தின்பது போதாத முயலுக்கு சிரிஞ்ச் ஊட்டலைத் தொடர வேண்டியிருக்கும். நோயுற்ற புல்லுண்ணிகளுக்கென்று விற்கும் நார் மாவில் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு வெதுவெதுப்பான தண்ணீர் கலந்தால் சிரிஞ்சில் இறங்கும் பதம் வரும். கரைத்த கலவையில் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு சுமார் 50 மில்லி என்பது முழு உணவுக்கான கணக்கு. இரண்டு கிலோ முயலுக்கு 100 மில்லி, ஐந்து வேளையாக 20 மில்லி வீதம். பாதி தானே தின்றால் பாதி போதும். மாவு கிடைக்காத இரவுகளில் வழக்கமான பெல்லெட்டை வெந்நீரில் ஊறவைத்து மசித்து, ஆறவைத்துத் தரலாம். குழந்தைகளுக்கான சத்துமாவு, தயிர், குளுக்கோஸ் தண்ணீர் எதுவும் வேண்டாம்.

ஊட்டும்போது முயலைத் துண்டில் சுற்றித் தரையில் அல்லது மடியில் இயல்பான நிலையில் வையுங்கள். மல்லாத்தக் கூடாது, தலையைப் பின்னுக்குச் சாய்க்கக் கூடாது. கலவை நுரையீரலுக்குப் போகும். முன்பற்களுக்குப் பின்னால் பல் இல்லாத இடைவெளி இருக்கிறது. பக்கவாட்டிலிருந்து அந்த இடைவெளியில் நுனியை நுழைத்து அரை மில்லி, ஒரு மில்லியாக விட்டு, மென்று விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்தது. மெல்லவில்லை என்றால் நிறுத்துங்கள். முடிந்ததும் மோவாயைத் துடைத்து உலர்த்துங்கள், ஈரம் தங்கினால் தோல் புண்ணாகும்.

வயிறு பந்துபோல் உப்பிக் கெட்டியாக இருக்கும்போது, திடீரென்று எல்லாத் தீனியையும் மறுத்துச் சுருண்டு கிடக்கும்போது ஊட்டவே கூடாது. அது அடைப்பாக இருக்கலாம். அடைத்த குடலுக்குள் மேலும் திணித்தால் இரைப்பை கிழியும். குடலைத் தூண்டும் மருந்தும் அந்நிலையில் ஆபத்தே. இரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 360 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் மருத்துவர்கள் அடைப்பைப் பலமாகச் சந்தேகிப்பார்கள். அன்னாசிச் சாறு கொடுத்தால் வயிற்றிலுள்ள முடி கரையும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். முடி கரையாது, சர்க்கரைதான் ஏறும். முயல் வயிற்றில் முடி இருப்பது இயல்பு. நீர் வற்றி, அசைவு நின்ற பிறகுதான் அது கட்டியாகிறது. தேவை தண்ணீர். குழாய்ப் புட்டியைவிடக் கனமான கிண்ணத்தில் வைத்தால் முயல் அதிகம் குடிக்கும். கீரையைக் கழுவி ஈரத்தோடே கொடுங்கள்.

ஊட்டலை எப்போது நிறுத்துவது என்பதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. வயிறு நிறைய ஊட்டினால் தானாகத் தின்னத் தோன்றாது. ஒரு தழையைக் கடித்ததுமே நிறுத்திவிட்டால் மறுபடி சரியும். காலை வேளை ஊட்டலை மட்டும் விட்டுப் பாருங்கள். நண்பகலுக்குள் தானே தின்றிருந்தால் அதை நிரந்தரமாக விடலாம். மறுநாள் இன்னொரு வேளை.

இதற்கெல்லாம் அளவுகோல் சமையலறைத் தராசு. தினமும் ஒரே நேரத்தில், காலைத் தீனிக்கு முன் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு கிலோ முயலுக்கு 30, 40 கிராம் ஏறி இறங்குவது வயிற்றில் உள்ளதைப் பொறுத்தது. 100 கிராம் குறைந்து திரும்பி ஏறவில்லை என்றால் மருத்துவரிடம் பேசுங்கள். 200 கிராம் என்பது உடல் எடையில் பத்தில் ஒன்று, மனிதக் கணக்கில் அறுபது கிலோ ஆள் ஆறு கிலோ இழந்ததுபோல. தேறிய முயல் ஓரிரு வாரம் வழக்கத்தைவிட அதிகம் தின்று இழந்த எடையை மீட்பது இயல்புதான். நன்றாகத் தின்றும் எடை குறைந்தால் அது வேறு கதை: சிறுநீரகம், குடல் ஒட்டுண்ணி, பல், கட்டி என்று தேட வேண்டியிருக்கும். உங்களுடையது கருத்தடை செய்யப்படாத நான்கு வயதுப் பெண் முயல் என்பதால் கருப்பையையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அந்த வயதுக்கு மேல் கருப்பைப் புற்று முயல்களில் அடிக்கடி காணப்படுகிறது. சிறுநீரில் இரத்தம் தெரியும்வரை பசிக்குறைவைத் தவிர வேறு அடையாளம் இல்லாமலும் போகலாம்.

இரண்டு முயல் ஒன்றாக இருந்தால் யார் தின்றது, யார் கழித்தது என்று தெரியாமல் போகும். தனியறையில் பிரித்து வைப்பது தீர்வல்ல; துணை இல்லாத முயல் அதனாலேயே தின்னாமல் போகும், திரும்பச் சேர்க்கும்போது சண்டையும் வரும். நடுவில் கம்பி வலை வைத்து, ஒன்றையொன்று பார்த்து முகரும்படி ஒரு நாள் விட்டு, நிறுத்து வைத்த தீனியில் மிச்சத்தைத் திரும்ப நிறுத்துப் பாருங்கள்.

எந்தக் கட்டத்திலும் 12 மணி நேரம் ஒன்றுமே தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் அது அவசரநிலை, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். காது சில்லென்று, உடல் துவண்டு இருந்தால் மணிக்கணக்கும் பார்க்க வேண்டாம். முயலின் இயல்பான வெப்பநிலை 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை. 38-க்குக் கீழே போனால் துணி சுற்றிய வெந்நீர்ப் பையை அணைத்து வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.